மேட்டுப் பக்கம்

எங்கே ஓட்டலாம், எங்கே ஓட்டக் கூடாது என்றுதானே கேட்டீர்கள் சார்? நல்ல கேள்வி. வருகிற ஆட்களில் பாதிப் பேர் அதைக் கேட்பதே இல்லை. சார்ஜ் நிற்குமா, போட்டோ எடுக்க எந்த இடம் நல்லா இருக்கும், அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் கேட்டீர்கள். அதனால் அந்த பெஞ்சில் கொஞ்சம் உட்காருங்கள். சாவி தருகிறேன், எங்கேயும் ஓடிப் போகாது.

சட்டப்படி சொல்கிறேன். இந்தக் கடை வாசலிலிருந்து சர்ச் வரைக்கும் தார் ரோடு. அங்கே எது வேண்டுமானாலும் போகலாம். சர்ச்சைத் தாண்டினால் குதிரைப் பாதை. ஒரு காலத்தில் காப்பிக்கொட்டையைக் குதிரை மேல் ஏற்றி இறக்கின பாதை. குதிரை போய்விட்டது, பேர் நிற்கிறது. காட்டுக்குள்ளே நெளிந்து நெளிந்து குருவிப்பாறை வரைக்கும் போகும். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பாதை ஆரம்பிக்கிற இடத்தில் வனத்துறை போர்டு இருக்கும், பச்சைக் கலரில். மோட்டார் வாகனங்கள் செல்லக் கூடாது, நடப்பவர்களும் சைக்கிளும் மட்டும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பேட்டரியில் ஓடினாலும் நம் வண்டி சைக்கிள்தான். பெடல் இருக்கிறது, பாருங்கள். சண்டை போட்டு வாங்கின அனுமதி சார் அது.

சும்மா கிடைக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு ஷோரூம்காரன் கடையை மூடப் போகிறான் என்று தெரிந்து, காலையில் போய் உட்கார்ந்து, அவன் சாப்பிடப் போகாமல், நானும் போகாமல், பேசிப் பேசி இந்த வண்டிகளை எடுத்தேன். கடைசியில் அவனே "அண்ணே, ஓட்டிட்டுப் போயிருங்க, என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க" என்றான். அப்படிப்பட்ட ஆள் நான். லாரியில் மேலே வந்த பிறகுதான் ஊரில் ஒருத்தன் கேட்கிறான், "தவசி, இத குதிரப் பாதையில விடுவாங்களா?" என்று. அது எனக்குத் தோன்றவே இல்லை சார். பாதை இல்லையென்றால் இந்த வண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சர்ச் வரைக்கும் போய்த் திரும்புவதற்கு யார் வாடகை கொடுப்பான்?

ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். வண்டியைப் பார்த்தார்கள், பேட்டரியைப் பார்த்தார்கள். "இதுக்கு நம்பரும் வேணாம், லைசென்சும் வேணாம். எங்களப் பொறுத்தவரைக்கும் இது வண்டியே இல்ல" என்றார்கள். சந்தோஷமாகப் பஞ்சாயத்து ஆபீஸ் வந்தேன். "அது காட்டுக்குள்ள போற பாதைப்பா, அங்க போய்க் கேளு." காட்டு ஆபீசில், "மோட்டார் இருக்குல்ல? அப்ப வண்டிதான். வண்டி இல்லன்னு எழுதி வாங்கிட்டு வா." யாரிடம் வாங்குவது? "அது ஆர்.டி.ஓ.தான் சொல்லணும்." அவர்கள் எழுத்தில் தர மாட்டார்களாம், வண்டியே இல்லாததற்கு என்ன எழுதுவது என்கிறார்கள். நான் மேஜையைத் தட்டிவிட்டேன். கோபம் வந்தால் எனக்குக் கை நிற்காது. லாரி செட்டில் மூட்டை தூக்கிப் படித்த படிப்பு. அங்கே சத்தம் போட்டவனுக்குத்தான் முதலில் கூலி.

மேஜையைத் தட்டினதில் ஒரு லாபம். ரேஞ்சர் வெளியே வந்துவிட்டார். கீழ்நாட்டு ஆள், மலைக்குப் புதுசு, நல்ல மனுஷர்தான். "வனக்குழுக் கூட்டத்துல வந்து பேசுங்க. ஊர்க்காரங்க ஒத்துக்கிட்டா நான் பாக்கறேன்" என்றார்.

கூட்டம் சமுதாயக்கூடத்தில். வனக்குழு என்றால் ஊர் ஆட்கள்தான், எல்லாம் தெரிந்த முகம். ரேஞ்சருக்கு ஒரே கவலை, சத்தம். காட்டுமாடு நடமாடுகிற இடம், மோட்டார் சத்தம் கேட்டால் மிரளும், மிரண்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு அது போதும். எதிராளிக்கு எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் பேச்சு.

"சார், ஒரு டீ குடிச்சிட்டு வெளிய வாங்க" என்றேன். வந்தார். வனக்குழுத் தலைவரோடு பேசிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் பேசிக்கொண்டே போகிறார். நான் பின்னாலேயே போகிறேன். ஊரே பார்க்கிறது, ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. முன்சக்கரம் அவருடைய பேண்ட்டில் உரசின பிறகுதான் மனுஷர் துள்ளினார். கூட்டமே சிரித்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டார்.

"பாத்தீங்களா சார்? உங்க காதுக்கே கேக்கல. மாட்டுக்கு எப்படிக் கேக்கும்?" என்றேன். அந்தச் சூட்டோடு, கடைசி மூட்டையாக ஒன்றை நானே ஏற்றினேன். "மணி இருக்குல்ல, அதையும் கழட்டிப்புடுறேன். சத்தம்னு ஒண்ணு இருந்தா என்னக் கேளுங்க." யாரும் கேட்கவில்லை சார் மணியைப் பற்றி. நானே சொன்னேன். வியாபாரத்தில் கேட்காததைக் கொடுத்தால்தான் கேட்டது கிடைக்கும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். ஒச்சம்மாக்கா. மேல்காட்டிலிருந்து சவ்சவ் காய் மூட்டையை லாரி நிற்கிற இடத்துக்குச் சுமந்து வருகிற பொம்பளைகளில் மூத்தவள். "தவசி, சத்தமே இல்லேன்னா பாரத்தோட போறவளுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றது.

நல்ல சூட்டில் இருந்தேன். கையெழுத்து விழப் போகிற நேரம். "திரும்பிப் பாரு! கண்ணு எதுக்கு இருக்கு?" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அக்கா உட்கார்ந்துவிட்டது.

அனுமதி கிடைத்தது.

நீங்கள் தலையில் மூட்டை தூக்கியிருக்கிறீர்களா சார்? இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தப்பாக நினைக்காதீர்கள். சும்மாட்டில் மூட்டை ஏறிவிட்டால் கழுத்து உங்களுடையது இல்லை. திரும்ப முடியாது. திரும்பினால் மூட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அதனால் எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் வருகிறவன் குரல் கொடுப்பான். "மேலே..." என்று இழுத்து ஒரு குரல். ஒதுங்கு என்று சொல்லக் கூடாது, அது மரியாதை இல்லை. "மேலே" என்றால் போதும். பாரம் தூக்கினவர் திரும்பாமலே, நிற்காமலே, மேட்டுப் பக்கமாக ஒட்டிக்கொள்வார். வருகிறவன் பள்ளத்துப் பக்கமாகத் தாண்டிப் போவான். பாரம் இருக்கிற கால் பள்ளத்துப் பக்கம் போகவே போகாது. செத்தாலும் போகாது. நடக்கப் பழகும்போதே பழகுவது அது. நான் மீசை முளைக்கிறதுக்கு முன்னாலிருந்து அந்தப் பாதையில் சுமந்தவன். எனக்கு எப்படித் தெரியாமல் போகும்?

தெரியும். அது வேறு, வியாபாரம் வேறு. வாடகைக்கு எடுக்க வருகிறவனை நிறுத்தி, தம்பி, இப்படிக் கத்திக்கொண்டே போ என்றால் அவன் பக்கத்துக் கடைக்குப் போய் குதிரை மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அதில் என் தப்பு என்ன?

சீசன் நன்றாகப் போனது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. முன்பெல்லாம் குருவிப்பாறை வரைக்கும் நடக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், பாதியில் திரும்பிவிடுவார்கள். வண்டி வந்த பிறகு எல்லாரும் பாறை வரைக்கும் போனார்கள். போனால் பசிக்குமே. ஊர்ப் பொம்பளைகள் அங்கே வரிசையாகக் கடை போட்டார்கள். சோளக்கதிர் சுடுவது, சுக்குக் காப்பி, வெண்ணெய்ப் பழம். என் பெஞ்சாதி நாகுவின் தங்கச்சிகூட ஆம்லெட் கடை போட்டாள். ஒச்சம்மாக்காவின் மருமகள், புருஷன் இல்லாதவள், அவளும் ஒரு தார்ப்பாயைக் கட்டி உட்கார்ந்தாள். இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? என்னால் ஊருக்கு நல்லதுதான் நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் அது நடந்தது.

மெட்ராஸ் பையன் ஒருத்தன். நல்ல பையன், குடிக்கவில்லை, ஒன்றுமில்லை. பாறையிலிருந்து திரும்பி வருகிறான், இறக்கம். மூன்றாவது வளைவில் ஒச்சம்மாக்கா மூட்டையோடு இறங்கிக்கொண்டிருக்கிறது. இவனுக்குக் குரல் கொடுக்கணும் என்று தெரியாது. மணி அடிக்கலாம் என்று கை தேடியிருக்கிறது, அங்கே மணி இல்லை. அவனே என்னிடம் சொன்னான், "அங்கிள், கட்டை விரல வச்சு அமுக்கிட்டே இருந்தேன், ஒண்ணுமே இல்ல அங்கிள்" என்று. பின்னால் வந்து இடித்ததும் அக்கா மேட்டுப் பக்கம் பாறையில் போய் விழுந்தது. பள்ளத்தில் விழவில்லை, அதைச் சொல்லணும். காறை எலும்பு முறிந்தது. சவ்சவ் எல்லாம் பள்ளத்தில் உருண்டு போய்விட்டது.

நான் ஓடினேன். நான்தான் முதலில் ஓடினேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "தவசி, அந்தப் புள்ள பயந்து போயிருக்கு. தண்ணி குடு" என்றது. அவ்வளவுதான். திட்டியிருக்கலாம் சார். கூட்டத்தில் நான் சொன்னதை எடுத்து என் மூஞ்சியில் வீசியிருக்கலாம். கண்ணு எதுக்கு இருக்குடா என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவை அந்தப் பையன் வீட்டிலேயே பார்த்துக்கொண்டார்கள். மறுபடியும் கூட்டம் போட்டார்கள். பாதையை அடைக்கணும் என்று ஒரு கட்சி. ரேஞ்சர் முகம் சரியில்லை. அடைத்தால் நான் முடிந்தேன். அதனால் நான் தயாராகப் போனேன். அக்கா எவ்வளவு கேட்கும், நான் எதில் ஆரம்பிப்பேன், எங்கே கோபப்படுவேன், எங்கே எழுந்து போகிற மாதிரிப் போய்த் திரும்புவேன், எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். பாதி ராஜ்யத்தைக் கேட்டாலும் கால் ராஜ்யத்தில் முடிப்பேன் என்று இருந்தேன்.

கையைக் கழுத்தோடு கட்டுப் போட்டுக்கொண்டு அக்கா வந்தது. ரேஞ்சர் கேட்டார், "என்னம்மா நடந்தது?"

"அந்தத் தம்பி குரல் குடுத்துச்சுங்க. நாந்தான் கவனமில்லாம பள்ளத்துப் பக்கம் ஒதுங்கிட்டேன்."

கேட்டீர்களா சார்? மெட்ராஸ் பையன் "மேலே" என்று குரல் கொடுத்தானாம். பாரத்தோடு இருக்கிற ஒச்சம்மாக்கா பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினதாம். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தருக்கும் தெரியும் அது பொய் என்று. பாறையில் சிராய்த்த கன்னம் இன்னும் காயவில்லை, மேட்டுப் பக்கத்துக் கன்னம். கீழ்நாட்டு ரேஞ்சர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. நான் ஏன் திறக்கணும்? எனக்குச் சாதகமாகச் சொல்கிற சாட்சியை நானே வெட்டுவேனா?

"நஷ்ட ஈடு ஏதாவது?" என்றார்.

"ஒண்ணும் வேணாங்க. பாதைய மட்டும் அடச்சிராதீங்க."

முடிந்தது. வெளியே எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். "தப்பிச்சடா தவசி" என்றார்கள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! இத்தனை வருஷத்தில் எத்தனை பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன். அழுகிறவன், அடிக்க வருகிறவன், சாமி மேல் சத்தியம் செய்கிறவன், எல்லாரையும் பார்த்திருக்கிறேன். விலையே சொல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. அதை எப்படி முடிப்பது? சொல்லுங்கள். ஒரு ஆள் ஒரு தொகை சொன்னால் குறைக்கலாம், கொடுக்கலாம், கணக்கு தீர்ந்தது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். ஒன்றும் வேண்டாம் என்றால் நான் எதை உதறுவது?

வீட்டுக்கே போனேன். மருமகள் காப்பி கொண்டு வந்து வைத்தாள். அக்கா பாயில் சாய்ந்திருந்தது.

"வா தவசி. யாவாரமெல்லாம் எப்படி?"

"அத விடு. உனக்கு என்ன வேணும்? சொல்லு."

"எனக்கு என்னப்பா வேணும். காப்பியக் குடி, ஆறிரும்."

"இனிமே உன்னால மூட்ட தூக்க முடியாது. டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குத் தெரியும். அதுக்கு ஒரு வெல இருக்குல்ல?"

"இருந்தா இருந்துட்டுப் போகுது. அதான் பாறைக்குப் போயி இவகூட உக்காரப் போறேனே. நெழலு இருக்கு, காத்து இருக்கு. எத்தன நாளைக்குச் சுமக்குறது?"

எனக்குத் தாங்கவில்லை. "ஒரு வெல சொல்லுன்னா சொல்லேன்! உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு!" என்று கத்திவிட்டேன். காறை எலும்பு முறிந்து படுத்திருக்கிற பொம்பளையிடம். மருமகள் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

அக்கா சிரித்தது. "ஏண்டா, திறக்காத கடையில வந்து சாமான் கேக்குற?" என்றது.

காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். நாகுவிடம் சொன்னேன், "பாத்தியா, ஊரு முன்னாடி என்னத் தல குனிய வைக்கிறதுக்குன்னே அப்படிப் பண்ணுது" என்று. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை. "பாறையில அத்தன பொம்பளைங்க கட போட்டிருக்காளுங்க. என் தங்கச்சி அடுப்பும் அங்கதான் எரியுது. பாதைய அடச்சா அவளுங்க எங்க போவாளுங்க? அது அவளுங்களுக்காகச் சொன்ன பொய். எல்லாம் ஒன்னச் சுத்தித்தான் நடக்குதாக்கும்?" என்றாள். பொம்பளைகளுக்கு வியாபாரம் புரியாது சார். அடுத்தவளுக்காக யாராவது காறை எலும்பை விட்டுக்கொடுப்பார்களா? இதில் எனக்கு ஏதோ கண்ணி இருக்கிறது, அது எங்கே என்றுதான் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

திரும்ப மணி மாட்டலாமா என்று ரேஞ்சரிடம் போய்க் கேட்டேன். "நீங்கதானே சத்தமே வராதுன்னு சொல்லி வாங்கினீங்க? அனுமதியே அந்த நிபந்தனையிலதான் இருக்கு" என்றார். என் வாயால் கொடுத்ததை என்னாலேயே திருப்பி வாங்க முடியவில்லை, பாருங்கள். பேசினேன், கெஞ்சினேன், மேஜையைத் தட்டவில்லை. கடைசியில், மனுஷன் குரல் கொடுப்பதற்குத் தடை இல்லை, அது பாதையில் நடக்கிறவர்கள் எல்லாரும் செய்கிறதுதான் என்று ஒத்துக்கொண்டார். அதனால்தான் சாவி தருவதற்கு முன்னால் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடைக்குப் போகிறவன் போகட்டும். போன வாரம்கூட ஒரு குடும்பம் எழுந்து போனது.

எங்கே, ஒரு தடவை சொல்லுங்கள். "மேலே..." வெட்கப்படாதீர்கள். இழுத்து. இல்லை சார், இது போட்டோவுக்குச் சிரிக்கிற குரல். வயிற்றிலிருந்து வரணும். "மேலே..." ஆ, இப்போது சரி. ஒவ்வொரு வளைவிலும். ஆள் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. மூட்டை தெரிந்தால் இறங்கி நின்றுவிடுங்கள். அவர்கள் மேட்டுப் பக்கம் ஒட்டினதும் பள்ளத்துப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். அனுமதி இருக்கிறது, உரிமை இருக்கிறது, எல்லாம் சரி. ஆனாலும் இறங்கிவிடுங்கள்.

உங்கள் குரல் மூன்றாவது வளைவு வரைக்கும் எனக்கு இங்கே கேட்கும். கேட்கிற வரைக்கும் நான் வாசலில்தான் நிற்பேன். அதற்குள் யார் வந்தாலும் காத்திருக்கட்டும்.

இந்தாருங்கள் சாவி. ஹெல்மெட்டை நன்றாக மாட்டுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பாறையில் கடைசித் தார்ப்பாய், கொஞ்சம் வயசான அம்மா, இடது தோள் இறங்கியிருக்கும். வெண்ணெய்ப் பழம் விற்கும். என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிடுங்கள். பேரம் பேசாதீர்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

அப்புறம், பையில் உங்களுக்குப் போட்ட பிறகு, தனியாக ஒரு காய் எடுத்துக் கொடுக்கும். "வண்டிக் கடைத் தம்பிகிட்டக் குடுத்துருங்க, ஆளு அனுப்பி விடுறாருல்ல" என்று சொல்லும். எல்லாரிடமும் கொடுத்துவிடுகிறது. அதற்குக் காசு கொடுத்தால் வாங்காது. நானே ஒருத்தர் மூலமாகக் கொடுத்துப் பார்த்தேன், காசும் வந்துவிட்டது, இன்னொரு காயும் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் சார். கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவருக்குப் பிடிக்காது, சாப்பிட மாட்டார், சர்க்கரை இருக்கிறது, என்னத்தையாவது சொல்லுங்கள்.

கேட்காது. நீங்கள் வாங்கிக்கொண்டுதான் வருவீர்கள். எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்.

வந்தால் அதோ, அந்த ஜன்னல் திட்டில் மற்றதோடு வைத்துவிடுங்கள். அந்த ஓரத்தில் இருப்பது பழுத்துவிட்டது, அதன் மேல் வைக்காதீர்கள், நசுங்கிவிடும். என் கையில் மட்டும் கொடுக்காதீர்கள்.

போங்கள். முதல் வளைவு பக்கத்திலேயே வந்துவிடும். குரல் கொடுங்கள்.